கூட ஒரு டின்

மாசி பிறந்தால் ரப்பர் காட்டில் இலை பழுக்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பு நிறமாகி, ஒரு நாள் வீசுகிற காற்றுக்கு மொத்தமும் இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கணுக்கால் புதையப் புதைய நடப்போம். காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மலேசியாவில் பருவம் ஏது, வெயிலும் மழையும்தானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் வராது, தொண்டை அடைத்துக்கொள்ளும். கித்தா மரத்தடியில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும், நமக்குப் பருவம் இருந்தது. மரம் மொட்டையாக நிற்கிற நாட்களில் பால் குறையும், சம்பளம் குறையும், வீட்டில் கருவாடும் முருங்கைக்கீரையும்தான். பிறகு தளிர் வரும். தளிரோடு பூ. பொடிப்பொடியாக மஞ்சள் பூ. விடியற்காலையில் காட்டுக்குள் நுழைந்தால் யாரோ தேன் போத்தலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். ஆவணி வாக்கில் காய் முற்றி வெடிக்கும். மத்தியான அமைதியில் பட்டென்று ஒரு சத்தம், அடுத்து தகரக் கூரையில் விதை விழுந்து உருளும் சத்தம். வழவழவென்று புள்ளி போட்ட அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்துவிட்டு நாம் வாங்கிய அடி ஒன்றா இரண்டா?

காய் வெடிக்க ஆரம்பித்தால் அம்மா விரல் மடக்கத் தொடங்குவார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்தான். துணிக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் அப்பாவுடையவை. அம்மாவுடையது ஆள் கணக்கு. இந்த வருஷம் யார் யார் வருவார்கள்?

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, மலையடிவாரத்தை ஒட்டி இருந்தது. பெயர் சொல்லவில்லையே என்று நினைக்காதீர்கள். நீங்கள் வளர்ந்த தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும், பெரிதாக ஒன்றும் மாறாது. வரிசையாக லயங்கள், கடைசியில் ஆயாக் கொட்டகை, சற்றுத் தள்ளிப் பால் ஸ்டோர், புகைக் கொட்டகை, மாரியம்மன் கோயில், அதற்குக் கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை. மேட்டில் துரை பங்களா. இருட்டு விலகுமுன், பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு மணி அடிக்கும். மணி அடிக்கிற தாத்தாவிடம் கடிகாரம் கிடையாது, ஒரு கண்ணும் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் பிந்தியதில்லை. பெரட்டு முடிந்து நெற்றி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் போவதை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பேன். அதில் எது அம்மாவுடைய விளக்கு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு எட்டுக்கும் லேசாக இடப்பக்கம் சாயும். உச்சி வெயிலில் காண்டா வாளியோடு திரும்பி வருவார். புளித்த கட்டிப்பால் வாசம் அவருடைய சட்டையில், முடியில், விரல் இடுக்கில் இருக்கும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, மல்லிகை வைத்த பிறகும், கிட்டே போய் மடியில் முகம் புதைத்தால் அதன் அடியில் அந்தப் புளிப்பு இருக்கும். அந்த நாற்றத்தை நாற்றம் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை.

தோட்டத்தில் பால் என்றால் இரண்டு. ஒன்று மங்கில் சொட்டுவது, மற்றது டின்னில் வருவது. இரண்டாவது பால் தீர்ந்ததும் அந்த டின்னின் வாயைக் கல்லால் தட்டி மழுக்கி, கழுவிக் காயவைத்து, அரிசிப் பானைக்குள் போட்டுவைப்பார்கள். எல்லா வீட்டிலும் அதுதான் அளவு. தீபாவளிக்கு முதல் நாள் பிற்பகல், இட்லிக்கு அரிசி ஊறப்போட அம்மா முறத்தைப் போட்டு உட்காருவார். ஆளுக்கு ஒரு டின். தலையைத் தட்டிச் சமப்படுத்தி, ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பெயர் சொல்லிப் பாத்திரத்தில் கொட்டுவார். “பெரியப்பா. பெரியம்மா. கோலகங்சார் அத்தை. அத்தை வீட்டு மாமா. பெரியவன். நடுவுலவன்.” பெயர் தீர்ந்ததும் ஒரு கணம் நிற்பார். பிறகு இன்னொரு டின் அள்ளி, பெயர் ஏதும் சொல்லாமல் கொட்டுவார். 1969 தீபாவளிக்கு 23 பேர். டின் 24. அது எனக்கு நன்றாக ஞாபகம், ஏனென்றால் அந்த வருஷம்தான் டின் எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள், நான் ஒன்று கூடிவிட்டது என்று கத்தினேன்.

“கூடல” என்றார் பாட்டி. அவர் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். “அது என் தம்பிக்கு.”

பாட்டியின் தம்பியை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கே ஒரு நிழலாகத்தான் ஞாபகம். ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கல்யாணம் ஆகாத பையன். போன பலபேரில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சிலரைப் பற்றி, கூடப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். காலரா, மலேரியா, இன்ன முகாம், இன்ன மாதம். இவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. பாட்டி கோயிலில் பூப் போட்டுக் கேட்டார், குறி கேட்டார், திரும்பி வந்தவர்களின் வீடு வீடாகப் போய்க் கேட்டார். அதன்பிறகு கேட்பதை விட்டுவிட்டார். டின்னை மட்டும் விடவில்லை. அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, அரிசியை ஆள் எண்ணி அளந்து கொடுத்த வருஷங்களிலும், தன் பங்கிலிருந்து பிடித்து வைத்தாவது தீபாவளிக்கு அந்த ஒரு டின்னைப் போட்டிருக்கிறார்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு படையல். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தலைவாழை இலை விரித்து, செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகிற அந்தச் சில நிமிஷம் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது. தாத்தாவுக்குச் சுருட்டும் ஒரு கிளாஸ் கள்ளும். பாட்டியின் மூத்த மகளுக்கு, பத்து வயதில் போனவளுக்கு, இரண்டு கல்கண்டு. நான் கேட்டேன், சயாம் தாத்தாவுக்கு ஏன் படையலில் ஒன்றும் வைக்கவில்லை என்று. பாட்டி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“செத்தவங்களுக்குத்தான்டி எல. வராதவங்களுக்கு அரிசி.”

எட்டு வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

மழைக்காலத்துத் தீபாவளி நம்முடையது. ஐப்பசியில் விடியுமுன் தூறல் ஆரம்பித்தால் பட்டை நனைந்து பால் வழியும், வெட்டு நிற்கும், அன்றைய கூலி போகும். அதனால் தோட்டம் கொடுக்கிற முன்பணத்தைத்தான் எல்லாரும் நம்பி இருப்பார்கள். அது கைக்கு வந்ததும் ஈப்போ. சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் எழுந்து வர ஆரம்பித்தால் பட்டணம் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ஃபீல்டு தெரு, ஹியூ லோ தெரு என்று அப்பா பழைய பெயர்களைத்தான் கடைசிவரை சொன்னார். லஹாட் சாலைப் பக்கம் துணிக்கடையில் ஒரே பீஸில் துணி வாங்கி, ஆண் பிள்ளைகளுக்குச் சட்டை, எங்களுக்குப் பாவாடை, மிஞ்சியதில் தலையணை உறை. தீபாவளியன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அரை மைல் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். திரும்பும் வழியில் கச்சாங் பூத்தே பொட்டலம். பேருந்து பட்டணத்தைத் தாண்டுமுன் அது தீர்ந்துவிடும்.

அன்று காலை வருகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ரொட்டி பாய் சைக்கிளும் ரொட்டிப் பெட்டியும் இல்லாமல், சலவைச் சட்டையோடு, வெறும் கையை வீசிக்கொண்டு வருவார். அந்த ஒரு நாள் அவர் விற்க வரவில்லை, சாப்பிட வருகிறார். மரக்கறி லோரிச் சீனர் தமிழில் “அக்கா, முறுக்கு கடக்கு முடக்கு இல்லியா?” என்று கேட்பார். இந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியாது. நாங்கள் வருஷா வருஷம் அதைக் கேட்பதற்காகவே காத்திருப்போம். ஸ்டோரில் காவல் இருந்த ஜாகா வங்காளி, நரைத்த தாடியைச் சீவி முடிந்து, புதுத் தலைப்பாகையோடு வாசலில் நின்று, உள்ளே வராமல், ஒரு தட்டு அதிரசம் வாங்கிக்கொண்டு போவார். இவர்கள் யாருக்கும் அம்மா தனியாக டின் போடுவதில்லை. பெயர் இல்லாத அந்த ஒரு டின்தான் இவர்கள் எல்லாருக்கும் எட்டியது. எப்படி எட்டியது என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

கணக்கு முதலில் குறைந்தது மறு வருஷம், 1970இல். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எங்களுக்கு அடுத்திருந்த ஆறாம் நம்பர் வீட்டில் ஐந்து பேர். அந்தக் குடும்பம் எங்கள் குடும்பம் என்ற பேதம் இல்லாமல் எங்கள் டின் கணக்கில் இருந்தவர்கள். பெட்டி கட்டினார்கள், சட்டி பானையை எங்களிடம் கொடுத்தார்கள், பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய்விட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அம்மா முறத்தின் முன் உட்கார்ந்து, ஐந்து டின் குறைவாகப் போட்டுவிட்டு, முடிந்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பாட்டியைப் பார்த்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மறுபடி எழுந்தார். கூட ஒரு டின், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அது பாட்டியின் தம்பிக்கு மட்டும் உரியதாக இல்லை. பொங்கல் கழிந்து நீல நிறக் கடிதம் வந்தது. அங்கே மழை இல்லை, பிள்ளைகள் கித்தாக் காய் கேட்டு அழுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் பாட்டி படையல் இலைக்குப் போனார். வெற்றிலையும் புகையிலையும் வைத்தோம். துக்க வருஷம், எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். 1973இல், தீபாவளிக்கு ஒரு வாரம் முன், ஈப்போ குனோங் சீரோவில் மலைப்பாறை சரிந்து அடிவாரத்து வீட்டு வரிசையை மூடியபோது சுமார் 40 உயிர் போனது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் லயத்தில் யாரும் வெடி கொளுத்தவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாகவே அப்படி நடந்தது. துக்கத்தை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது என்று நமக்குத் தெரிந்திருந்தது. பிரிவை எப்படிக் கொண்டாடுவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை அம்மா ஒருவர்தான் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டார்.

1985இல் எனக்குக் கல்யாணம். தலைத் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்தோம்; மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்து, மோதிரம் போட்டு, லயமே கூடி நின்றது. மறு வருஷம் மாமியார் வீட்டில், தெலுக் இந்தானில். தீபாவளிக்கு அரசாங்க விடுமுறை ஒரு நாள். அந்த ஒரு நாளை இரண்டு வீட்டுக்குப் பங்கிட வழி கிடையாது. இந்த வருஷம் வர முடியாதம்மா என்று கடிதம் எழுதிவிட்டு, தபால்பெட்டி முன்னால் வெகு நேரம் நின்றேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது; தம்பி எழுதிப் பதில் போட்டான். நல்லது, மாமியார் மனம் கோணாமல் நடந்துகொள், அடுத்த வாரமோ அடுத்த மாதமோ வருகிறபோது வா, அரிசி போட்டிருக்கிறது. அந்தக் கடைசி வரியை அவன் அம்மா சொன்னபடியே எழுதியிருந்தான்: “வர்றப்ப வா. அரிசி போட்டிருக்கு.”

தம்பி சிங்கப்பூருக்குப் போனான். கப்பல் பட்டறை வேலை, அங்கே தீபாவளிக்கும் ஷிப்ட் உண்டு. தங்கை ஜொகூருக்கு வாழ்க்கைப்பட்டாள். அண்ணன் ஈப்போவில் வேலை பார்த்த இடத்தில் பழகிய சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. அம்மா அந்தத் தீபாவளிக்கு முறத்தில் “பெரியவன்” என்று ஒரு டின் கொட்டினார், நிறுத்தினார், “பெரியவன் வீட்டுக்காரி” என்று இன்னொன்று கொட்டினார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையில் அண்ணி மஞ்சள் பட்டில் வந்து காலில் விழுந்தபோது அப்பாவுக்கு எழுந்து நிற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிற்பாடு அவர்கள் பிள்ளைகள் எங்கள் அம்மாவைப் பாட்டி என்றும் அங்கே உள்ள பாட்டியைப் போ போ என்றும் கூப்பிட்டுக்கொண்டு, தீபாவளிக்கு இங்கே இட்லியும் சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு அங்கே மீனுமாக வளர்ந்தார்கள். ஒரு வருஷம் போ போ தீபாவளிக்கு வந்து, அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தார். இருவருக்கும் பொதுவாக ஐம்பது மலாய் வார்த்தை இருந்திருக்கும். பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நெடுஞ்சாலை வந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அதுவரை கோலாலம்பூரிலிருந்து பழைய சாலையில் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வொரு ஊராக லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, பிள்ளைகள் வாந்தி எடுத்து, வந்து சேர அரை நாள் ஆகும். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததால் மூன்று நாள் தங்கினோம். சாலை சுருங்கியதும் தங்கலும் சுருங்கிவிட்டது. காலையில் வந்து மாலையில் திரும்பலாம் என்று ஆனது, ஆகவே திரும்பினோம். மூன்று நாள் தங்கியபோது முதல் நாள் நலம் விசாரிப்போம், இரண்டாம் நாள் சண்டை போடுவோம், மூன்றாம் நாள் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு உண்மையானதைப் பேசுவோம். ஒரு நாள் வருகையில் நலம் விசாரித்ததோடு முடிந்துவிடுகிறது. அம்மா பொட்டலம் கட்டிக் காரில் வைக்கும்போது அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்கு நேரம் இருந்ததில்லை.

நெடுஞ்சாலைக்கு முன்பே, 1992இல், அப்பா போனார். படையலில் ஒரு போத்தல் கறுப்பு பீர் சேர்ந்தது. மூன்று வருஷத்தில் தோட்டமும் போனது. மரங்களைத் தள்ளினார்கள். ஒரு மரம் விழும்போது எழும்பிய சத்தம் கோயில் மதில்வரை அதிர்ந்தது என்று அம்மா சொன்னார். வேரில் வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்ததாம், ஏந்த மங்கு இல்லாமல் மண்ணில் போனதாம். 35 வருஷம் தன் கையால் சீவிய நிரையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். செம்பனை நட்டார்கள். செம்பனை இலையை உதிர்க்காது, காய் வெடிக்காது, பூத்தது தெரியாது. வருஷம் முழுக்க ஒரே கறும்பச்சை. மாசி எது ஆவணி எது என்று அந்தக் காட்டுக்குள் நின்று யாரும் சொல்ல முடியாது. நம் பருவம் போனது அப்படித்தான்.

அம்மா புந்தோங்கில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கச்சாங் பூத்தே கம்பம் பக்கத்திலேயே. காற்று திரும்பினால் கடலையும் முறுக்கும் பொரிகிற வாசம் வீட்டுக்குள் வரும். இவ்வளவு அருமையான முறுக்கு நாலு வீடு தள்ளி விற்கும்போது எதற்கு அடுப்படியில் வேகிறீர்கள் என்று தங்கை கேட்டாள். அம்மா மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார், “கடை முறுக்கு யார் யாரு வர்றாங்கன்னு கேக்காதுடி.” தைப்பூசத்துக்கு மட்டும் அவர் முகம் பழையபடி மலரும். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில்வரை காவடி போகிற பாதையில், தண்ணீர்ப் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தோட்டத்து ஆட்கள் எங்கெங்கோ சிதறியவர்கள் அந்த ஒரு நாள் அந்த வழியாக வந்தே தீரவேண்டும். வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி முகத்தைத் தடவுவார். மோர் கொடுப்பார். உன் அண்ணன் எங்கே, உன் மகள் படித்து முடித்தாளா, உன் அம்மா இருக்கிறாளா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எத்தனை பேரைப் பார்த்தேன் என்று எண்ணிச் சொல்வார்.

நாங்கள் தீபாவளியன்று வராமல் அடுத்த சனிக்கிழமை வருவது என்று பழகிக்கொண்டோம். முதலில் அது என் யோசனைதான். மாமியார் வீடு, கணவர் வேலை, பிள்ளைகளின் பரீட்சை. அப்போதெல்லாம் நவம்பர் பள்ளித் தேர்வுக் காலமாக இருந்தது உங்களுக்கும் தெரியும். ஒரு வருஷம் அந்தச் சனிக்கிழமையும் முடியவில்லை. ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். தீபாவளிக்கு அரைத்த மாவில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்து, மாவு புளிக்கப் புளிக்க மேலே நிற்கும் தண்ணீரை வடித்து வடித்துக் காப்பாற்றி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் இட்லித்தட்டுக்கு எண்ணெய் தடவினார். இட்லி பூத்து வரவில்லை, சற்றுக் கல்லாகத்தான் இருந்தது, நாக்கில் சுள்ளென்ற புளிப்பு. கட்டிப்பால் வாசம் சட்டென்று ஞாபகம் வந்தது. எட்டு நாள் மாவு, அம்மா எதற்கு என்றேன். பதில் சொல்லாமல் இன்னொன்று வைத்தார். ஏன் வரவில்லை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, எத்தனை வருஷத்திலும். அன்றைக்குத்தான், அந்தப் புளித்த இட்லியை விழுங்கும்போதுதான், பாட்டி சொன்னது எனக்கு விளங்கியது. வராதவர்கள் மேல் கோபப்படாமல் இருப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அந்த ஒரு டின். வந்தால் சாப்பிடலாம். வராவிட்டால், காக்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ தெருவில் போகிறவருக்கோ போகும். எதிர்பார்ப்பை ஆள்மேல் சுமத்தவில்லை, அரிசிமேல் வைத்தார்கள்.

அம்மா 2016இல் போனார். படையலில் அம்மாவுக்கு டின் பால் ஊற்றி, கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் தே வைத்தோம். இலை பழைய இலைதான், ஆனால் இப்போது அதில் இடம் போதவில்லை. சுருட்டு, கள், கல்கண்டு, வெற்றிலை, கறுப்பு பீர், தே. முறத்தின் பக்கம் உட்கார ஆள் இல்லை. மளிகைக் கடையில் அரைத்த மாவு விற்கிறது. அண்ணன் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். என் மகள் நடு இரவில் திரையில் வந்து, அம்மா ஹேப்பி தீபாவளி என்று சொல்லி, அவள் ஊரில் குளிர் என்று கையை ஊதிக் காட்டினாள். 2019 தை மாதம் தமிழ் நேசன் நாளிதழும் நின்றுபோனது; அப்பா வருஷா வருஷம் வாங்கி அடுக்கி வைத்த அதன் தீபாவளி மலர்களைக் கரையான் தின்றது போக மிச்சத்தை நான் கிள்ளானில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரிசி டின்னைத் தேடினேன். வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது.

தோட்டத்துக் கோயில் திருவிழா மட்டும் இன்னும் நடக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு என்று இருந்தது, இப்போது வெளியூரில் இருப்பவர்கள் வர ஏதுவாகப் பள்ளி விடுமுறையில் ஒரு சனி ஞாயிறு. அம்மனும் நம்மைப் போல நாள் மாற்றிக்கொண்டாள். போன தடவை நான் தனியாகப் போனேன். லயம் நின்ற இடம் தெரியவில்லை. செம்பனைக்குள் நடந்து பார்த்தேன்; எங்கள் வாசற்படியின் சிமெண்டு எங்கேயாவது தட்டுப்படுமா என்று காலால் துழாவினேன். ஒன்றும் இல்லை. சருகுகூட இல்லை, நொறுங்க. கோயில் மட்டும், பெரிய காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

பின்பக்கம் அன்னதானத்துக்குச் சமையல். இளவட்டப் பிள்ளைகள் பத்து கிலோப் பொட்டலங்களைப் பிரித்து அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கைப்பேசியில் கணக்குப் போட்டு, போதும் என்று சொன்னான். அப்போது மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி மெதுவாக எழுந்தார். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, மிச்சப் பொட்டலத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளை நிறைய அரிசி அள்ளினார். தலையைத் தட்டிச் சமப்படுத்தினார். அண்டாவில் கொட்டினார். திரும்பிப் போய் வெங்காயத்தின் முன் உட்கார்ந்தார்.

எனக்குக் கால் அசையவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம், எங்கள் பாட்டியோடு வந்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கிட்டே போய் உட்கார்ந்து, அக்கா, இது எதுக்கு என்று கேட்டேன்.

“எதுக்குன்னு தெரியாது தாயி. எங்க மாமியா போடுவாங்க. நானும் போடறது.”

சயாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மாவின் மாமியாருக்கு அண்ணனோ தம்பியோ யாராக இருந்திருக்கும்? எந்த லோரியில் ஏற்றியிருப்பார்கள்? அடுப்புப் புகை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

“நீ எந்த லயம்?” என்று அவர் கேட்டார்.

சொன்னேன்.

“யார் மவ?”

சொன்னேன். வெங்காயக் கையோடு என் கன்னத்தைத் தொட வந்தவர், கையை மடக்கிப் புறங்கையால் தடவினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போ” என்றார். “அரிசி போட்டிருக்கு.”